மோரிஸா, ஆஸ்டினா

வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் பெரியப்பாவின் தலை எண்ணெயும் கலந்த வாசம் என்றால் அது அவருடைய ஆஸ்டின் கார்; அதே பெட்ரோலோடு சலவைச் சட்டையின் கஞ்சி வாசம் வந்தால் அப்பாவின் மோரிஸ் மைனர். கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையில் பத்து வயதில் எனக்கிருந்த ஒரே திறமை அது.

மோரிஸ், இப்போதுதான் பால் குடித்து முடித்த குழந்தை மாதிரி உருண்டையாக இருக்கும். திரும்பும்போது கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு விளக்கெரியும். நாங்கள் அதைக் "கைகாட்டி" என்போம். ஆஸ்டின் அகலமானது, மூக்கில் சிறகுச் சின்னம், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர், முன்சீட்டில் மூன்று பேர். "என் வண்டி திரும்புததுக்கு முன்னாலயே ஊருக்குச் சொல்லிரும்" என்பார் அப்பா. "உன் வண்டியில ஏறணும்னா காலைக் கழட்டி மடியில வச்சுக்கிடணும்" என்பார் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் இந்தக் கேலி நின்றுபோயிற்று. மணப்பெண் சர்ச்சுக்கு வீட்டு வண்டியில் போய் இறங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எந்த வண்டி? அப்பா பெற்றவர், பிள்ளையில்லாத பெரியப்பாவோ அவளைத் தோளில் போட்டு வளர்த்தவர். யார் வண்டியில் அவள் ஏறவில்லையோ அவர் கல்யாணத்துக்கே வரமாட்டார் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். அக்காவிடம் நேரில் கேட்க அப்பா, பெரியப்பா இருவருக்கும் தைரியமில்லாமல் தனித்தனியே என்னைத் தூது அனுப்பினார்கள். அக்கா, "ஏலே போ, எனக்குத் தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெரியப்பாவிடம் "ஆஸ்டின்தான் வேணுமாம்" என்றேன். மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டார். அப்பாவிடம் "மோரிஸ்தானாம்" என்றேன்; கைகாட்டியை ஆசை தீர நீட்டி மடக்க விட்டார். ஒரு வாரம் ராஜாவாக வாழ்ந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் வாசலில் இரண்டு வண்டிகளும் ரோஜாவும் கனகாம்பரமும் சூடி நின்றன. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைத் தேடினார்கள். ஒளிய எத்தனையோ இடமிருக்க, நான் ஆஸ்டினின் டிக்கியில் போய்ப் புகுந்திருந்தேன். முழுசாக மறைந்துவிட்டதாக நினைத்து ஜெபம் வேறு செய்தேன். கால் இரண்டும் வெளியே இருந்தன என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அக்கா வெள்ளைப் பட்டில் வெளியே வந்தாள். இரண்டு வண்டிகளையும் பார்த்தாள், இரண்டு முகங்களையும் பார்த்தாள். "மணிச்சத்தம் கேக்குற தூரம்தான, நான் நடந்தே வாரேன்" என்றவள், ஒரு கையில் அப்பாவையும் மறு கையில் பெரியப்பாவையும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பின்னால் இரண்டு மாமாக்கள் அந்த வண்டிகளைக் காலியாக, ஜோடியாக, மனுஷ நடைக்கு உருட்டிக்கொண்டு வர, இளவெயிலில் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர, தெருவே ஏதோ தண்ணீருக்கடியில் நகர்வதுபோல் மெதுவாக நகர்ந்தது. எதில் ஏறினாலும் வம்பு என்று நானும் நடந்தேன்.

போன மாதம் இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு பார்க்கிங் லாட்டில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு மோரிஸ் மைனர், அடுத்தாற்போல் ஒரு ஆஸ்டின். என் மகள், "விச் ஒன் வாஸ் யுவர்ஸ், பா?" என்றாள். ரெண்டும் என்றேன். படமெடுத்து ஹூஸ்டனில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டு போன் பண்ணினேன். அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. எங்கள் வண்டிகள் கடைசியில் எந்த ஊர்ப் பழைய இரும்போடு போயினவோ.

"இப்பமாவது சொல்லுக்கா, எதுல ஏறணும்னு இருந்த?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏலே, சும்மா கெட," என்றாள். "அவுக ரெண்டு பேரு காதுலயும் விழுந்துரும்."

ஐம்பது வயதில், நியூஜெர்சி வெயிலில், நான் திரும்பிப் பார்த்தேன்.