கிழிந்துபோன கடைசித் தாள்

தென்னூரில் நான் வேலை பார்க்கும் சிறிய நூலகத்துக்கு மாலை நாலு மணிக்கு ஒருவர் வருவார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல். வாசல் குழாயில் கை கழுவி, வேட்டி நுனியில் துடைத்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார்.

மூன்று மாதமாக ஒரே நாவலைத்தான் படித்தார். குடித்து, மனைவியை அடித்து, அவளை விட்டு ஓடிப்போன ஒருவன் திருந்துகிறான். பல வருடம் கழித்து அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அதோடு கதை நின்றுவிடும். கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

ஒருநாள் நூலகம் பூட்டும் நேரத்தில் என் மேஜையருகே வந்து நின்றார்.

"சார், நீங்க இதப் படிச்சிருப்பீங்க. அந்தம்மா கதவத் திறந்தாங்களா?"

முடிவு எனக்கும் தெரியாது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் வேறு. "திறந்தாங்க. திருந்தி வந்தவர வேணாம்னா சொல்லுவாங்க?" என்றேன்.

 அவர் புத்தகத்தை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"ஆத்தத் தாண்டினா ஸ்ரீரங்கம்தாங்க. பதினாறு வருஷமா நான் அந்தப் பாலத்துல ஏறல. நாளைக்குப் போயிட்டு வரேன்."

அதன்பின் அவர் வரவில்லை.

போன மாதம் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதே நாவல் முழுதாகக் கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அவள் கதவைத் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வாசல் குழாயில் தண்ணீர் விழுந்தால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன். அவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருக்கிறது. அவர் வந்துவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.