வெள்ளித்தாளுக்கு மசியாத என் போர்டு

ரேடியோ சங்கப் பலகையில் இதை ஒட்டுகிறவன் இன்று காலையிலிருந்து கொஞ்சம் பெரிய ஆள்.

முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணம். மைக் செட்காரன் கண்ணப்பனின் ஆம்ப்ளிபயருக்குள் இருப்பது நான் வரைந்து செய்த சர்க்யூட் போர்டு. தாலி கட்டும் நேரம் பார்த்து அது ஊமையாகிவிட்டது.

பந்தியில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓடி வந்தான். “இன்னாண்ணா, உன் போர்டு என் மானத்த வாங்கிடுச்சி!”

போய்த் திறந்தேன். ஃப்யூஸைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்; ஃப்யூஸ் போனாலும் கரண்ட் ஓடுவதற்கான குறுக்கு வழி.

“ரெண்டு ஸ்பீக்கருக்குச் செஞ்சதுல நாலு மாட்டியிருக்கியே?”

“ஃப்யூஸ் சும்மா சும்மா போவுது. அதான் சுத்தினேன்.”

சுற்றுவான் என்று தெரிந்துதான் போர்டுக்குள் இன்னொரு ஃப்யூஸை ஒளித்து வைத்திருந்தேன். போர்டில் அது மட்டும்தான் போயிருந்தது, வேறெதுவும் கருகவில்லை. கூடுதல் ஸ்பீக்கர்களைக் கழற்றி, வெள்ளித்தாள் சுற்றியது, ஒளித்து வைத்தது என ஃப்யூஸ் இரண்டையும் மாற்றியதும் நாதஸ்வரம் தெருமுனைவரை கேட்டது.

கண்ணப்பன் போர்டில் காலியாக இருந்த ஓட்டைகளைக் காட்டினான். “இந்த ஓட்டைங்கள்ல சாமான் வெக்க மறந்துட்டியா?”

“நாளைக்கே நீ ரெண்டாவது மைக் கேப்ப. அத சேர்க்கத்தான் அந்த எடம்.”

சொல்லி முடிக்கவில்லை, மாப்பிள்ளையின் மாமா வந்து நின்றார். “பொண்ணு வூட்டுக்கு மட்டுந்தான் மைக்கா?”

போன வாரம் அந்த ஓட்டைகளைக் கொசு வீடு என்று சொன்ன நண்பர், இதன் கீழே கையெழுத்துப் போடவும். பேனா கட்டித் தொங்குகிறது.