ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும்

அத்தைக்கு முடக்குவாதம். அப்பாவுக்கு மூத்தவள், மாமா இறந்தபின் ஊரிகத்தில் எங்கள் சுரங்க லைன் வீட்டுக்கே வந்துவிட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தாலும் நடந்துகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் தெருக்குழாயடியில் எல்லார் எதிரிலும் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசற்படியைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்து, “நடங்கம்மா, நடந்தாத்தான் மூட்டு இளகும்” என்றார். நாங்கள் விட்டால்தானே! அவள் அசைந்தாலே அம்மா, “நீங்க குந்துங்கண்ணி” என்று ஓடுவாள். தட்டும் சொம்பும் வெற்றிலையும் நான் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். எங்கள் அன்பில் அத்தை மூலையிலேயே வேர்விட்டுப்போனாள்.

அந்தக் கோடையில் அவளுடைய ஓரகத்தி பூதிகோட்டையிலிருந்து வந்தாள். மாமாவின் தம்பி மனைவி, இளையவள். அவளுக்கும் அதே வியாதி, விரல்கள்கூடக் கோணியிருந்தன. இருந்தும் மாம்பழப் பையோடு ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள். இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது.

ஊருக்குக் கிளம்பும் காலையில், “வரட்டாக்கா? நீ எழுந்துக்காதே. பாவம், ஒன்னால முடியாது” என்றாள்.

அத்தையின் முகம் சிவந்துவிட்டது. “யாரால முடியாது? எங்கேடி என் செருப்பு?”

அம்மா பதறினாள். “விழுந்துட்டா இன்னா பண்றது அண்ணி?”

“விழுந்தா எழுந்துக்கறேன்.”

தாங்கப்போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். குழாயடி வந்ததும் அத்தையின் கால்கள் நின்றுவிட்டன. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஜட்கா வண்டி கூப்பிடட்டாக்கா?” என்றாள் ஓரகத்தி, வெகு கரிசனமாக.

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஈரக்கல்லின் மேலேயே நடந்து கடந்தாள்.

ஷிஃப்ட் முடிந்து எதிரே வந்த அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி வாயைப் பிளந்து நின்றார். “இன்னாடா பாக்கறே? வழிவுடு!” என்றாள் அக்காக்காரி. நைட் ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் ஓரம் ஒதுங்கினார்கள். பட்டத்து யானைக்குப் பின்னால் போவதுபோல எனக்கு ஒரே பெருமை.

ரயில் வந்தபோது அத்தை பிளாட்பாரத்தில் நிமிர்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது, வியர்வை ஒழுகியது. “பாத்தியாடி?” என்று அவள் கேட்டது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மறுநாள் முழுக்க முனகினாள். வலி அவளை விட்டுப் போகவேயில்லை, கடைசிவரைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவள் சொம்பை நான் தூக்கியதில்லை. மாதம் ஒருமுறை பூதிகோட்டைக்கே தனியாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள்.

அன்று பிளாட்பாரத்தில் அத்தை ஜெயித்துவிட்டாள் என்று நான் கைதட்டிக் குதித்தேன். தோற்றுப்போனவள் ரயில் ஜன்னலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் அப்படி முகமெல்லாம் சிரித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.