அக்கா கடை மேல் ஓடிய ரயில்

என் தம்பி நாடு கட்டுகிறான். யாராவது "உங்க தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டால் பார்சல் கிடங்கில் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதுவும் பொய்யில்லை. காலையில் போய்ப் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு மாலையில் வருகிறான். வந்து கையைக் கழுவியதும் கழுவாததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மலையைத் தூக்குவான், ஆற்றைத் தோண்டுவான். ஏதோ போக்குவரத்து கேமாம். பஸ், ரயில், லாரி எல்லாம் விட்டு, ஆட்களையும் சரக்கையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு மேப் வேண்டும். மற்றவர்கள் மனம்போன போக்கில் நாலு மலை, ரெண்டு ஆறு போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த மகானுக்கு அது ஆகாது. நம் நாடு அச்சு அசலாக வேண்டும்.

வீட்டில் இருப்பது நாங்கள் ரெண்டே பேர். அதில் ஒருவன் இப்படி. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு அக்கா, இந்த ஆறு மேட்டுல ஏறுது" என்பான். சாட்டிலைட் படத்திலிருந்து நிலத்தின் உயரத்தை எடுக்கிறானாம். அதில் மரத்தின் உச்சியையும் தரை என்று காட்டிவிடுகிறதாம். அதனால் காட்டுக்குள் போகிற ஆறெல்லாம் மரத்தின் மேல் ஏறி இறங்குமாம். அதை ஒவ்வொன்றாகச் சமப்படுத்தி முடிப்பதற்குள் தட்டில் போட்டது காய்ந்து வரட்டியாகிவிடும். ஆறு மேட்டில் ஏறினால் எனக்கென்ன, இறங்கினால் எனக்கென்ன? எங்கே போய் முட்டிக்கொள்வது?

சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனோம். பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு நிமிஷம் என்று இறங்கினான். கேட்டின் கம்பி எந்தப் பக்கம் தூக்குகிறது என்று போட்டோ எடுக்க வேண்டுமாம். கேட் திறந்தது, பஸ் போய்விட்டது. அவன் போட வேண்டிய புதுப் பேன்ட், சட்டையோடு நான் மட்டும் கல்யாண மண்டபத்தில் போய் இறங்கினேன். சித்தி கேட்டாள், "எங்கடி அவன்?" நான் என்ன சொல்ல? "வர்றான் சித்தி, கேட்ட அளந்துட்டு வர்றான்" என்றேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தான். வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "இடது பக்கம்தாங்கா தூக்குது" என்றான். பொண்ணு மாப்பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை.

மற்றபடி தங்கமான பிள்ளை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. நான் திட்டுவேன், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இப்படித்தான் நடக்கிறது.

சரி, நாடு கட்டுவது அவன் பாடு என்று விட்டிருப்பேன். என் கடைக்கே உலை வைத்தான் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு மெயின் ரோட்டில் ஒரு தையல் கடை. ஒரே அறை. வாசலோரம் ரெண்டு மெஷின், உள்ளே துணி வெட்டும் மேஜை, மூலையில் முகம் மட்டும் தெரிகிற ஒரு கண்ணாடி. ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பேன். இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, ஜன்னல் திரை எல்லாம் உண்டு. எங்கள் ரெண்டு பேர் சோறும் பாதிக்கு மேல் அந்த மெஷினிலிருந்துதான் வருகிறது. கட்டடம் ஓனருடையது. மாடியில் கிடங்கு, கீழே என் கடை. நல்ல மனிதர்தான், எதையும் சீக்கிரம் நம்பிவிடுவார், அதுதான் கோளாறு.

அன்றைக்கு வந்தவர் கடைக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள கடைய காலி பண்ணிடு."

"என்ன சார் திடீர்னு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. ரயில் வருது. நிலம் எடுக்கும்போது கடையில ஆள் இருந்தா நஷ்டஈட்டுல பங்கு கேப்பாங்க. அதான்."

"எந்த ரயில்?"

"உன் தம்பி போட்ட ரயில்தான். தெரியாத மாதிரி கேக்குற!"

அவர் மருமகன் அந்த கேம் விளையாடுகிறவராம். தம்பி புதிதாக வெளியிட்ட மேப்பை மாமனாருக்குக் காட்டியிருக்கிறார். பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, பெட்ரோல் பங்க் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் மட்டும் தண்டவாளம் ஓடுகிறது.

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அன்று அவனுக்கு லீவு. "ஏன்டா, என் கடை மேல ரயில் விட்டியா?"

"ஆமாங்கா" என்றான், காப்பி போட்டியா என்று கேட்டதுபோல.

பிறகு விளக்கினான். முழு நாடும் அந்த கேமுக்குள் அடங்காதாம், சுருக்கித்தான் வைக்க வேண்டுமாம். மலையைச் சுருக்கலாம், ஊரைச் சுருக்கலாம். ரயில் மட்டும் சுருங்காதாம், அது அதே நீளம். அது திரும்புகிற வளைவையும் ஓர் அளவுக்குக் கீழே குறைக்க கேம் விடாதாம். நிஜத்தில் ஊருக்கு வெளியே அகலமாக வளைந்து போகிற பாதை, ஊர் சுருங்கியதும் ஊருக்குள்ளேயே வந்துவிட்டதாம். இது எனக்குப் புரிந்தது. அப்பா பேன்ட்டைப் பிள்ளைக்கு வெட்டித் தைத்தால் பாக்கெட்டையும் குறைக்கலாம், ஆனால் கை நுழைகிற அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. புரிந்து என்ன செய்ய? கடை போகிறதே!

"அதுக்கு என் கடைதான் கெடைச்சுதா? எடுடா அத! இப்பவே எடு!"

மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டான். அன்றே ரயில் பாதையை நீக்கிப் புதுசாக ஏற்றினான். உலகத்தில் எங்கெங்கேயோ இருந்து விளையாடுகிறவர்கள், ரயிலில்லாத ஊருக்கு நாங்கள் எப்படிச் சரக்கு அனுப்புவது என்று அவனைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

எங்கே விட்டது? மறுநாளே ஓனர் முகமெல்லாம் பல்லாக வந்தார். "பாத்தியாம்மா, எடுத்துட்டாங்க!"

"அதான் எடுத்தாச்சே சார். இனிமே என்ன?"

"மேலிடத்துலருந்து சொல்லாம எடுப்பாங்களா? விஷயம் வெளிய தெரிஞ்சிடுச்சு, அதான் மறைக்கிறாங்க. அப்போ கண்டிப்பா வருது."

தலையில் அடித்துக்கொண்டேன். நானே ரயில்வே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்றார்கள். அதைச் சொன்னால், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்கிறார். ரயில் இருந்தாலும் வருகிறது, இல்லாவிட்டாலும் வருகிறது. இந்த மனிதரிடம் எதைச் சொல்லி மீள்வது? கட்டு கட்டாக யூனிஃபார்ம் துணி வெட்டாமல் கிடக்கிறது, ஸ்கூல் திறக்கப்போகிறது, நான் எந்தக் கடையில் உட்கார்ந்து தைப்பேன்?

அடுத்த லீவு நாளில் தம்பியை லேப்டாப்பும் கையுமாக ஓனர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக எச்சரித்தேன். "வாயத் திறந்து பேசணும், தெரியுதா? கல்லு மாதிரி உக்காந்திருந்தே, அவ்வளவுதான்."

ஓனர் வீட்டு முன்னறையில் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. தம்பி அதன் நுனியில் உட்கார்ந்தான். ஓனர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, ஆத்துப் பாலத்துல ஒரு தூணு லேசா சாஞ்சிருக்கும். அதக்கூட சரியா போட்டிருக்க. அப்படிப்பட்டவன் ரயில மட்டும் தப்பா போடுவியா?"

"தப்புதான் சார்" என்றான். "நாடு முழுக்க இது ஒண்ணுதான் தெரிஞ்சே தப்பா போட்டேன்."

லேப்டாப்பைத் திறந்து பழைய மேப்பைக் காட்டினான். வளைவு, அது விழுங்கிய வீடுகள், எல்லாவற்றையும் காட்டினான். ஓனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்படி வளைக்கணும்னா பின்னாடி தெருவுல வளைச்சிருக்கலாமே. அங்கயும் எடம் இருக்கு. நம்ம கட்டடத்த ஏன் புடிச்ச?"

தம்பி லேப்டாப்பையே பார்த்தான். நான் முழங்கையால் இடித்தேன்.

"பின்னாடி தெருவுலதான் முதல்ல போட்டேன் சார். அங்க ஒரு வீட்டுல பச்ச கேட்டு இருக்கு. ஒரு வீட்டுல மொட்டமாடியில கொடி கட்டி துணி காயப்போட்டிருந்தாங்க. யாருன்னே எனக்குத் தெரியாது. அவங்க வீட்ட எடுக்க எனக்கு மனசு வரல. எடுத்தா அவங்க யார்கிட்ட போய் கேப்பாங்க? இது அக்கா கடை. அக்கான்னா என்னைத் திட்டுவா. திட்டிட்டு சோறு போட்டுடுவா."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ என் கட்டடம்?" என்றார் ஓனர்.

"அது அக்கா கடைக்கு மேல இருக்கே சார். கூடவே போயிடுச்சு."

உள்ளேயிருந்து ஓனர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, கேட்டாதானே!" ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஷ்டஈட்டில் என்னென்ன வாங்கக் கனவு கண்டிருந்தாரோ, முகம் தொங்கிவிட்டது. பாவம்.

"சரிம்மா, கடை இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா தம்பி, என்னைக்காவது நெஜமாவே ரயில் வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்."

"சரி சார்" என்றான் இவன், ரயில்வே மந்திரி மாதிரி.

வெளியே வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவனைத் திட்டுவதற்கென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கடை போகவிருந்தது, ஆபீஸ் ஆபீசாக அலைந்தது, ஊர் வாயில் விழுந்தது, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். தெருமுனை வரை போய்விட்டோம். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு நின்றேவிட்டான், முகம் வெளிறியிருந்தது.

"என்னக்கா, ஒண்ணுமே பேசாம வர்ற? உடம்பு சரியில்லையா?"

அதற்கு மேல் தாங்குமா? நடுரோடு என்றுகூடப் பார்க்கவில்லை, ஆரம்பித்துவிட்டேன். ஆறு மேட்டில் ஏறியதிலிருந்து அன்று வரைக்கும் ஒன்றுவிடாமல் திட்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டே என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தான்.