வரி மேல் வரி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங்கில் ஒரு மனு எழுதும் கடையில் நான் டைப்பிஸ்ட். குடியுரிமைக்கு மனுப் போட வந்தவர்கள் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். முதலாளி சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்ததும் அந்தச் சனியன் பிடித்த டைப்ரைட்டர் தன் வேலையைக் காட்டியது. வரி முடிந்து கைப்பிடியைத் தள்ளினால் காகிதம் மேலே ஏற வேண்டும். திடீரென்று ஏறாது. கவனிக்காமல் அடித்தால் அடித்த வரியின் மேலேயே அடுத்த வரி விழும். அப்பன் பெயர் மேல் பிறந்த ஊர் குந்திக்கொண்டிருக்கும். என் கவனம் எங்கே மேய்கிறது என்று முதலாளி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து மெக்கானிக் வந்தார். தமிழ் தெரியாது, எல்லாம் மலாய்தான். நாலு வரி அடித்தார். தங்கமாய் ஓடியது. மெஷினில் கோளாறே இல்லை என்று சொல்லி, என் விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் மறுபடி ஒரு மனு பாழ். இனி ஒன்று கெட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார் முதலாளி.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. நீயா நானா பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். காகிதம் சுற்றும் உருளையின் குமிழில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். எழுத்தே அடிக்காமல் கைப்பிடியை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். கோடு என் பக்கம் திரும்பியபோது உருளை அடம்பிடித்தது. அடுத்த சுற்றிலும் அதே இடம். எழுந்து ஆடாத குறைதான்.

மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டேன். கோட்டை என் பக்கம் கொண்டுவந்து, இப்போது தள்ளிப் பாருங்கள் என்றேன். காகிதம் அசையவில்லை. நாலு வரிக்குள் உருளை முழுச் சுற்று வராது, அதனால்தான் அன்று உங்களிடம் நல்ல பிள்ளையாக நடித்தது என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். உருளையின் ஓரத்துப் பல்சக்கரத்தைத் திறந்து, என் கொண்டை ஊசியை வாங்கி நோண்டினார். ஒரு பல்லிடுக்கிலிருந்து காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டியாக வந்தன.

முதலாளி எழுந்து வந்து பார்த்தார்.

"யாரு இவ்ளோ அப்புனது?"

பூஜையன்று வேறு யாரையும் தொடவிடாமல், பேனா முதல் பூட்டு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தீபாவளி வரைக்கும் என்னாத்துக்கு? இன்னிலேருந்து நீ நிரந்தரம்னு வச்சுக்கம்மா."

"அப்ப அத இப்பவே அடிச்சுக் குடுத்துடறேன். கையெழுத்துப் போட்டுடுங்க" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல, என் வேலைக் கடிதத்தை நானே அடித்தேன்.