ஆறு கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும்

1. கேட்டில் பிடிபட்டது

பெஞ்சமினைக் கேட்டில் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது நான் ரப்பர் எடை ரிப்போர்ட்டை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

மலாயாவில், ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்திருந்தது. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயன் வீடுகளை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற எல்லாரையும் கேட்டில் சோதிப்பார்கள். சோற்றுப் பொட்டலத்துக்குக்கூட அனுமதி கிடையாது.

பெஞ்சமின் ரப்பர் ஆலையில் இஞ்சின் பிட்டர். மம்பாவில் ஒரு கல்யாணத்தில் வாசிப்பதற்காகக் கிட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கிட்டார்ப் பெட்டிக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்த்த போலீசாருக்குக் கிடைத்தது ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வொரு தாளிலும் ஆறு ஆறு கோடுகள், குறுக்குக் கோடுகள், கறுப்புப் புள்ளிகள். மேலே ஆங்கில எழுத்துகள், ஓரத்தில் எண்கள்.

சிரம்பானிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரப் போலீஸ் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் புறப்படும்போது பெரிய கிராணி தாழ்ந்த குரலில் சொன்னார்: “வாயக் குடுத்து மாட்டிக்காத லா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

ஆபீசர் ஒரு தாளை நீட்டினார். “ஆறு கோடும் ஆறு நிரை ரப்பர் மரம். புள்ளி வைத்த இடத்தில் அரிசி புதைத்திருக்கிறார்கள். அப்படி இல்லையென்றால், இது என்னவென்று உனக்குத் தெரியுமா?”

பெஞ்சமின் எதிரே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ரெஜினா நின்றிருந்தார்.

“தெரியாது, சார்” என்றேன்.

2. பாட்டு எங்கே?

எனக்குத் தெரியும். ஞாயிறு மதியங்களில் ஆலைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் அந்தத் தாள்களை எழுதுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கோடுகள் கிட்டாரின் ஆறு தந்திகள். புள்ளிகள் விரல் வைக்கிற இடம்.

அவர் முன்பு சிங்கப்பூரில் ஒரு டான்ஸ் பேண்டில் இருந்தவர். பேண்டு கலைந்த பிறகு இங்கே பிட்டராக வந்தார். பாட, தாளம் போட, கூட வாசிக்க ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கிட்டாரில் வாசிக்கப் பழகிக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்த பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகளைத்தான் எடுப்பார். சிரம்பானில் கிளார்க்குகளின் கிளப்பில் இசைத்தட்டு போட்டுக் கேட்டு எனக்கும் அவை மனப்பாடம். ஆனால் அவர் வாசித்தால் எனக்குப் பிடிபடாது.

“நல்ல பாட்ட ஏன் இப்படி உடைக்கிறீங்க, பெஞ்சமின்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“உடைக்கல லா, கிராணி. உங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுத்தானே? தெரிஞ்சத அப்படியே வாசிக்கணும்னா இசைத்தட்டு போதும். நான் எதுக்கு?”

மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த பேப்பரைப் படிப்பேன். அப்படித்தான் பல ஞாயிறுகள் போயின.

3. இரண்டாம் தடவை

நான் தெரியாது என்றதும் பெஞ்சமின் தரையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மியூசிக், சார். ஐ பிளே” என்றார்.

ஆபீசர் முதல் தாளின் தலைப்பைப் படித்தார். ஒரு காதல் பாட்டின் பெயர். “இது எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. வாசி.”

காவல் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து பெஞ்சமின் வாசித்தார். எப்போதும் போலத் தாளமில்லாமல் மெதுவாகத் தொடங்கினார். நாலு வரி அளவுக்குப் போனதும் ஆபீசர் கையை உயர்த்தினார்.

“இது அந்தப் பாட்டே இல்லை. தலைப்பு வெறும் ஏமாற்று. லாரியில் ஏற்றுங்கள்.”

அந்த நாள்களில் லாரியில் ஏற்றப்பட்டவர் எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்ல முடியாது. விசாரணை இல்லாமலே உள்ளே வைப்பார்கள். சிலரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியும் விட்டார்கள். வேலிக்கு அப்பால் ரெஜினா சத்தமில்லாமல் அழுவது தெரிந்தது.

“சார், இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நான் கூடவே பாடுகிறேன்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“உனக்குத் தெரியாது என்றாயே?”

“பயத்தில் சொன்னேன், சார்.”

அவர் பெஞ்சமினைப் பார்த்து, மறுபடி வாசி என்று கையசைத்தார்.

பெஞ்சமின் திரும்பத் தொடங்கினார். நான் வார்த்தைகளைத் தாழ்ந்த குரலில் பாடினேன். முதல் வரியில் நான் முந்திவிட்டேன். “அவசரப்படாதீங்க, கிராணி, வருது லா” என்றார் அவர். நிறுத்திக் கேட்டேன். மெட்டு மெல்லிய தந்திகளில் வந்தது, நான் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு மூச்சு தள்ளி. கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடை போட்டது. நடுவில் மற்ற விரல்கள் சுரங்களைச் சேர்த்துப் பிடித்தன. பழக்கமான வரியின் கீழே அவை மாற மாற, அதே வரி ஒரு தடவை சந்தோஷமாகவும் அடுத்த தடவை வருத்தமாகவும் கேட்டது. ஒரு சுரத்தைக்கூட அவர் விட்டுவிடவில்லை. இத்தனை ஞாயிறுகளாக விட்டது நான்தான்.

இரண்டாம் சரணத்தில் என் குரல் தடுமாறி நின்றது. ஆபீசர் மீதி வரியை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு தாளிலிருந்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். பெஞ்சமின் கிட்டாரில் அதே இடத்தில் விரலை வைத்துத் தந்தியை மீட்டினார்.

“போகலாம். காகிதம் எங்களிடம் இருக்கும்” என்றார் ஆபீசர்.

பெஞ்சமின் கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவியோடு வீட்டுக்கு நடந்தார்.

4. அதற்குப் பிறகு

காகிதங்கள் திரும்பி வரவில்லை. மனு எழுதித் தரவா என்று கேட்டேன். “வேணாம், கிராணி. அது அப்ப வாசிச்சது. இப்ப வேற மாதிரி வருது” என்றார்.

கேட்டில் தெரியாது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. அவர் தந்தியை முறுக்கிக்கொண்டே, “அது பொய்யில்ல, கிராணி. அதுவரைக்கும் என் வாசிப்பு உங்களுக்குத் தெரியாதுதான்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அது திட்டியதைவிட உறைத்தது.

பிறகு வேறு தோட்டத்தில் நானே பெரிய கிராணி ஆனேன். ஒருவரைப் பற்றிப் புகார் மேசைக்கு வந்தால், மேலிடத்துக்கு எழுதி அனுப்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். பல பேர் சொல்வது முதலில் எனக்குப் புரியாது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.