மோட்டாரை நிறுத்திய மூன்று நாள்

குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஊருக்குப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. அதில் திறந்தவெளிச் சுரங்கம் வெட்டுவது பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானும் மாமனாரும் போயிருந்தோம். பந்தலைச் சுற்றிப் போலீஸ் நின்றது.

அதிகாரி சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்தார். "கோடையிலும் இங்குள்ள கிணறுகளில் நீர்மட்டம் நன்றாக இருக்கிறது. சுரங்கத்தால் விவசாயத்துக்குப் பாதிப்பு வராது."

கூட்டம் கொந்தளித்தது. மாமனார் எழுந்து கத்தினார். "பொய்! உங்க ஆளு எந்தக் கெணத்தப் பாத்தாரு?"

அதிகாரி பக்கத்தைப் புரட்டி ஒரு சர்வே எண்ணைச் சொன்னார். அது எங்கள் வயலுடையது.

மாமனார் உட்கார்ந்துவிட்டார். சித்திரையில் நீர்மட்டம் அளக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், "வெளியாளு பாக்கறப்ப கெணறு வத்திக் கெடந்தா அசிங்கம் மாப்ள, மோட்டார நிறுத்து" என்றவர் அவர்தான். அக்கம்பக்கத்து மோட்டார்களையும் கெஞ்சி நிறுத்தவைத்தவன் நான். என்ன எழவு கௌரவமோ! மூன்று நாள் கரும்பைக் காயப்போட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்குமேல் ஏறவிட்டோம். அளந்தவருக்கு மோர் வேறு கொடுத்தோம். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

அடுத்துப் பேச மைக் என் கைக்கு வந்தது. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மாமனார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்லாத மாப்ள. நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"